மாநக்கவாரம்: வந்தவரும் இருந்தவரும்

கொட்டாரத்திலிருந்து குமரிமுனைக்கு மிதிவண்டியில் அரைமணிப் பயணந்தான். நாட்டின் தென்கோடியில் வாழ்கிறோம் என்னும் பெருமிதம் நம்மூரார் பலர்க்கும் உண்டு. நம் கவிஞர்களின் பாடல்களிலும் அது தவறாமல் தலைகாட்டும். நிலநூலாரின் கணக்கோ வேறு. குமரி, எட்டாம் பாகைக்குச் சற்று வடக்கே நின்றுவிடுகிறது. இந்தியாவின் உண்மையான தென்முனை ஆறு பாகை நாற்பத்தைந்து கலையில், பெரிய நிக்கோபார்த் தீவின் கோடியில் இருக்கிறது. இந்திரா முனை என்பது அதன் இன்றைய பெயர். அங்கிருந்து சுமத்திரா வெகுதொலைவில் இல்லை. நம் பெருமையைப் பறித்துக்கொண்ட அந்தத் தீவைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். ஏறத்தாழ 910 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் எட்டாயிரம் பேர் மட்டுமே வாழும் அத்தீவில், யார் இருந்தவர், யார் வந்தவர், யாருக்காக எது கட்டப்பட வேண்டும் என்னும் வழக்கு இப்போது எழுந்துள்ளது. அவ்வழக்கின் வேர் நெடுங்காலத்தது. அதன் கிளை ஒன்று நம் மணக்குடிக் கடற்கரை வரை நீண்டிருக்கிறது.

தமிழர்க்கு இத்தீவுக்கூட்டம் புதியதன்று. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டையொட்டிய அவனது கடற்படையெடுப்பில் கொண்ட நாடுகளுள் ஒன்றாக மாநக்கவாரத்தைக் குறிக்கிறது. மணிமேகலையில் சாதுவன் மரக்கலம் உடைந்து ஒதுங்கிய நக்கசாரணர் தீவையும் இதனோடு இணைத்துக் காண்போர் உளர். அது விவாதத்திற்குரியது, நான் அதில் தலையிடவில்லை. நம் பழம்புலவர்க்கு அத்தீவு மரக்கலம் கவிழ்ந்தால் கரையொதுங்கும் இடமாகவும், மன்னன் வென்றால் பட்டியலில் சேரும் பெயராகவும் இருந்தது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

அங்கே குடியேற முயன்றோரின் வரலாறு தோல்விகளின் வரலாறு எனலாம். முதல் முயற்சி நம் தமிழ்க்கரையிலிருந்தே புறப்பட்டது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டியிருந்த டேனியர் 1756இல் நிக்கோபாரைத் தம் உடைமையாக அறிவித்து, முதற் குடியிருப்பைப் பெரிய நிக்கோபாரிலேயே அமைத்தனர். காய்ச்சல் அவர்களைத் தின்றது. எஞ்சியோர் சில ஆண்டுகளில் கமோர்ட்டாத் தீவுக்கு மாறினர். 1768இல் மொரேவியச் சபையின் ஊழியர்கள் நன்கவுரிக்குச் சென்று, பலரைப் புதைத்துவிட்டு, 1787இல் திரும்பினர். 1846இல் ஸ்டீன் பில்லே என்னும் தளபதியின் கீழ் உலகைச் சுற்றிவந்த டேனியக் கப்பல் அங்கே நங்கூரமிட்டது. அக்கப்பலின் பெயர் கலாத்தியா. தீவின் தெற்கே பாயும் ஆறும், அது கலக்கும் விரிகுடாவும் இன்றளவும் அப்பெயரையே தாங்கியுள்ளன. 1868இல் டேனியர் தம் உரிமையை ஆங்கிலேயர்க்கு விற்றனர். ஆங்கிலேயர் மறு ஆண்டு நன்கவுரியில் கைதிகளைக் குடியேற்றிப் பார்த்து, 1888இல் அதையும் கைவிட்டனர்.

கவிஞர்கள் கூடும் மலர் என்பதால் ஓர் இடைப்பிறவரல். இந்திரா முனைக்கு முன்னர் வழங்கிய பெயர் பிக்மேலியன் முனை. கிரேக்கக் கதையில், தான் செதுக்கிய சிலையின் மீதே காதல் கொண்ட சிற்பி பிக்மேலியன். அச்சிலைக்குப் பிற்காலத்தார் இட்ட பெயர் கலாத்தியா. சிற்பியையும் சிலையையும் தீவின் தெற்கே அருகருகே நிறுத்தியவர்கள் கடலோடிகளா, கவிகளா என்று வியக்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த மண்ணில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நடமாடியவர்களின் மொழியிலிருந்து ஒரு சொல்லைக்கூட அவர்கள் அவ்விடத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

நடமாடியவர்கள் இரு திறத்தார். தீவின் உட்காட்டில் வேட்டையாடியும் காய்கனி திரட்டியும் வாழும் ஷொம்பென் மக்கள் ஒருவர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர். கடற்கரையில் தென்னையும் பன்றியும் வளர்த்து, ஊராக அமைந்து வாழ்ந்த நிக்கோபாரியர் மற்றவர். ஷொம்பென் உணவில் முதலிடம் பெறுவது தாழையினப் பழம். நம் கடலோரத்தில் தாழம்பூவைப் பெண்கள் சூடினர்; புலவர் நெய்தலுக்கு அதை அடையாளமாக்கினர். அங்கே அதே குடும்பத்து மரம் குழந்தைக்குச் சோறாகிறது. தாழங்காட்டை அழித்தால் நமக்கு ஒரு மணம் குறையும். அவர்களுக்கு அடுப்பு அணைந்துவிடும்.

நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956ஆம் ஆண்டிலேயே, அந்தமான் நிக்கோபார்ப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி பிறப்பிக்கப்பட்டது. வெளியார் அனுமதியின்றிக் கால்வைக்கலாகாது, நிலம் கொள்ளலாகாது என்பது அதன் சாரம். ஆயினும் எல்லைக் காவலைக் கருதிய அரசு, 1969 முதல் 1980 வரை முன்னாள் படைவீரர் குடும்பங்கள் ஏறத்தாழ 330ஐப் பெரிய நிக்கோபாரின் கீழ்க்கரையில் குடியேற்றியது. பஞ்சாபியர், மராட்டியர், மலையாளிகள், தெலுங்கர் இவர்களோடு தமிழரும் இருந்தனர். காம்ப்பெல் விரிகுடாவிலிருந்து தெற்கே கோவிந்த நகர், ஜோகிந்தர் நகர், விஜய நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என ஊர்கள் எழுந்தன. ஊர்ப்பெயர்களைப் படித்தாலே எந்தத் திசைக் காற்று அங்கே வீசியது என்பது விளங்கும்.

அவர்களை எளிதில் குறை கூறிவிட இயலாது. போர்க்களம் கண்டு ஓய்வு பெற்றவர்கள், காடு திருத்தி, காய்ச்சலோடு போராடி, தென்னையும் கமுகும் வைத்தனர். போர்ட் பிளேர் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கப்பல் வந்தால் அரிசி. கடல் கொந்தளித்தால் காத்திருப்பு. பேறுகாலத்துப் பெண்ணுக்குச் சிக்கல் நேர்ந்தால் வானூர்தியை எதிர்பார்க்கும் நிலை. பக்கத்துக் கச்சால் தீவிலோ, சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்களின் உறவினர் போன்றோர்தாம் நம் கீரிப்பாறைப் பக்கத்து அரசு இரப்பர்த் தோட்டங்களில் இன்று பால்வெட்டுகின்றனர். தாமாகத் தேர்ந்து சென்றவர் சிலர், அனுப்பப்பட்டவர் பலர். ‘வந்தேறி’ என்று ஒரு சொல் நம் மொழியில் எளிதாக நாவில் வருகிறது. அச்சொல் இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை.

2004 திசம்பர் 26. நாகப்பட்டினத்தை அடுத்துத் தமிழகத்தில் மிகுதியான உயிர்களைப் பலிகொடுத்தது நம் மாவட்டம். கொளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்டது நாம் நேரில் அறிந்தது. மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்தெறிந்தது. நிலநடுக்க மையத்திற்கு மிக அருகில் இருந்த பெரிய நிக்கோபாரிலோ நிலமே அமிழ்ந்தது. இந்திரா முனை ஏறத்தாழ நாலேகால் மீட்டர் தாழ்ந்தது. 1972இல் கரையில் எழுப்பிய கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றது. அதைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் கடலில் போயின. மேற்கு, தெற்குக் கரைகளில் இருந்த நிக்கோபாரியர் ஊர்கள் அனைத்தும் அழிந்தன. எஞ்சியோரை அரசு காம்ப்பெல் விரிகுடாவின் அருகே இராஜீவ் நகரில் குடியமர்த்தியது. தற்காலிகம் என்று கருதியே அவர்கள் வந்தனர். எங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப விடுங்கள் என்று கேட்டவண்ணம் ஆண்டுகள் கழிந்தன. ஆக, அத்தீவின் தொல்குடிகள், அண்மையில் குடியேறியவர்களின் ஊருக்குப் பக்கத்தில் அகதிகள்போல் ஆயினர். இருந்தவர் வந்தவராகவும் வந்தவர் இருந்தவராகவும் இடம் மாறிய இந்நிலையில்தான் புதிய திட்டம் வந்து சேர்ந்தது.

திட்டம் பெரிது. கலாத்தியா விரிகுடாவில் பெட்டகக் கப்பல்களின் சரக்கை மாற்றியேற்றும் துறைமுகம், சாஸ்திரி நகர், காந்தி நகர்ப் பக்கம் பன்னாட்டு வானூர்தி நிலையம், மின்நிலையம், ஒரு நகரம். தொடக்க மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். கொள்ளும் நிலம் 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. 84 சதுர கிலோமீட்டர் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டிருந்த நிலம். வெட்டப்படவுள்ள மரங்கள் 9.64 இலட்சம் என்று நாடாளுமன்றத்தில் அரசு விடையளித்தது. அதற்கு ஈடாக மரம் நடக் குறிக்கப்பட்ட இடங்களுள் அரியானாவும் ஒன்று! நிக்கோபாரின் மழைக்காட்டை அரியானாவின் வறள்நிலத்தில் ஈடுசெய்யும் கணக்கை எந்தக் கணக்காயர் போட்டாரோ. முப்பது ஆண்டுகளில் தீவின் மக்கள்தொகை மூன்றரை இலட்சமாகும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. 2021 சனவரியில் கலாத்தியா விரிகுடாச் சரணாலயத்தின் தகுதி நீக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய கடலாமையான தோணியாமை முட்டையிட வரும் மணற்கரை அது. 2022 நவம்பர் 11இல் சுற்றுச்சூழல் இசைவு வழங்கப்பட்டது.

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மலாக்கா நீரிணைக்குச் செல்லும் உலகக் கப்பல் வழி அத்தீவுக்கு அருகே செல்கிறது. இந்தியாவின் மாற்றுச் சரக்கில் பெரும்பகுதியைக் கொழும்பு, சிங்கப்பூர், கிளாங் முதலிய அயல்நாட்டுத் துறைமுகங்களே கையாண்டு வந்துள்ளன. அவ்வருவாய் வெளியே போகிறது. நாட்டின் காவலும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கப்பலுக்கும் மருத்துவருக்கும் காத்துக் காத்துச் சலித்த குடியேறிகளுள் திட்டத்தை வரவேற்றோர் உண்டு. அதே குடியேறிகள், ஐம்பதாண்டு உழைத்த தோட்டம் போகிறதே, தக்க ஈடு எங்கே என்றும் கேட்கின்றனர். ஒருவரே காலையில் ஆதரித்து மாலையில் ஐயுறுவதில் முரண் இல்லை. வீடும் வேண்டும், வழியும் வேண்டும்.

இந்த வாதங்கள் நமக்குப் புதியன அல்ல. கொழும்புக்குப் போகும் சரக்கை நம் கரையில் நிறுத்துவோம் என்னும் அதே சொல்லோடு 2016 சூலையில் இனயம் துறைமுகத்துக்கு நடுவணரசு கொள்கை அளவில் இசைவு தந்தது. கடற்கரை கொந்தளித்தது. பின்னர் இடம் கோவளத்திற்கும் கீழமணக்குடிக்கும் இடையே, நம் ஊரின் அருகிலேயே மாற்றப்பட்டது. அலைத்தடுப்புச் சுவர் ஒரு பக்கம் மணலைக் குவித்தால் மறுபக்கம் கரையைத் தின்னும் என்பதை முன்பே பட்டறிந்தவர்கள் நம் கடலோர மக்கள். உள்நாட்டில், வேலை வரும், வாணிகம் வளரும் என்று ஆதரித்தோர் பலர். வயலும் தென்னந்தோப்பும் கொண்ட மருதத்தார், வள்ளமும் வலையும் கொண்ட நெய்தலாரைப் பார்த்து ‘வளர்ச்சிக்குத் தடை’ என்றனர். பத்துக் கிலோமீட்டர்த் தொலைவில் இரண்டு உலகங்கள் இருப்பதை அந்நாள்களில் உணர்ந்தோம். நம் இலக்கிய அன்பர்கள் நடுவிலும் அந்தப் பிளவு இல்லாமல் இல்லை. பணி தொடங்காமலே அத்திட்டம் நின்றது. வடமேற்கே விழிஞ்ஞத்தில் 2022இல் மீனவர் மாதக்கணக்கில் போராடியும், அத்துறைமுகம் கட்டிமுடிக்கப்பட்டு 2025 மே 2இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மணக்குடிக்காரர்களுக்குக் கோயில் மணி இருந்தது, அடித்தால் ஊர் கூடிற்று. வாக்குச்சீட்டு இருந்தது, அவர்கள் பேச்சை அச்சிடும் செய்தித்தாள் இருந்தது, மறுத்துப் பேசுவோர்க்கும் அவர்கள் மொழி புரிந்தது. ஷொம்பென் மக்களிடம் இவற்றுள் எதைத் தேடுவது? 2024 ஏப்பிரல் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக அவர்கள் வாக்களித்தனர். பட்டியலில் இருந்தோர் 98 பேர், சாவடிக்கு வந்தோர் ஏழு பேர். பெரும் வளர்ச்சித் திட்டங்களைக் காட்டிலும் அம்மக்களின் நலனுக்கே முதலிடம் என்று 2015இல் ஷொம்பென் கொள்கை ஒன்றை அரசே வெளியிட்டிருந்தது. கொள்கை அழகிய தாளில் இருக்கிறது. காட்டைக் குறுக்கே பிளக்கும் சாலையைக் கண்டு உள்ளே உள்ளே ஒதுங்கியவர்கள், மூன்றரை இலட்சம் பேர் வந்தால் எங்கே ஒதுங்குவர் என்பதற்கு அத்தாளில் விடை இல்லை. இவ்விடத்தில் நான் நடுநிலை வகிக்க விரும்பவில்லை. 229 பேரை எண்ணிக்கையாகக் காணும் கண்ணுக்கு அது சிறு தொகை. ஒரு மொழியும் ஒரு காட்டறிவும் முழுமையாக உறையும் இடம் எனக் கண்டால் அதற்கு ஈடு வைக்கும் தொகை ஏதுமில்லை.

நிக்கோபாரியர் எழுத்தறிந்தவர்கள்; அவர்கள் எழுதினர். 2022 ஆகத்தில் சிறிய, பெரிய நிக்கோபார்ப் பழங்குடி மன்றத்திடம் மறுப்பின்மைக் கடிதம் பெறப்பட்டது. சுற்றுச்சூழல் இசைவு வெளிவந்த பதினோராம் நாள், நவம்பர் 22இல், மன்றம் அக்கடிதத்தைத் திரும்பப் பெற்றது. தம் மூதாதையர் ஊர்நிலமும் திட்ட எல்லைக்குள் வருகிறது என்பது தமக்கு அப்போது சொல்லப்படவில்லை என்பதே அதன் காரணம். விழிஞ்ஞத்துச் செய்தி பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்த மாதம் அது. நிக்கோபார்க் கடிதத்தை நம்மில் எத்தனை பேர் கண்டோம்?

சிங்கென், கோக்கியோன், புலோ பக்கா, புலோ பாகா, இன் ஹேங் லோய் என்பன அவர்கள் திரும்பக் கேட்கும் ஊர்களின் பெயர்கள். திட்டம் தீட்டுவோரின் வரைபடத்தில் அவை ஆளில்லாக் கரைகள். ஆழிப்பேரலைக்கு முன் அவ்வூர்களில் பிறந்தவர்கள் இராஜீவ் நகரின் குடியிருப்புகளில் மூப்படைந்துகொண்டிருக்கின்றனர். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அப்பெயர்கள் வாய்வழியாகவே வந்து சேர்கின்றன.