தரவுத்தள அட்டவணைகளும் துப்புரவுப் பணியும்: போஸ்ற்கிறெஸ் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தரவு எவ்விடத்தில், எவ்வாறு வைக்கப்பட்டிருக்கின்றது என்பதை அறியாமலே அதனைப் பயன்படுத்த இயலவேண்டும் என்பது, 1970 இல் எட்கார் கொட் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும். நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணையாகத் தரவை நோக்கும் தொடர்புநிலைத் தரவுத்தளம் இதனின்றே பிறந்தது. ஆயினும், வட்டில் எழுதப்பட்ட அட்டவணை வெறுங் கருத்தன்று. அது இடத்தைப் பிடிக்கும், பருக்கும், பழுதுறும். போஸ்ற்கிறெஸ் என்னும் தரவுத்தளத்தின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கர் தலைமையில் 1986 இல் இதன் ஆக்கவேலை தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் அவர் விளக்கிய சேமிப்பு முறையின்படி, ஒரு நிரை திருத்தப்படின் பழைய வடிவம் இருந்தபடியே இருக்கப் புதியது வேறாக எழுதப்படும். கணனி இடைநடுவில் நின்றுவிடினும் பழைய வடிவம் கைவசமிருத்தலால் மீட்பு எளிதாகும் எனக் கருதப்பட்டது. அந்நம்பிக்கை முற்றாக நிலைக்கவில்லை. 2001 இல் முன்கூட்டி எழுதும் பதிவேடொன்றைச் சேர்க்கவேண்டியதாயிற்று. கடந்த காலத்தில் ஒரு தரவு எவ்வாறிருந்தது என வினவ இயலுதல் மற்றைய பயனாகும். காலங்கழிந்த நிரைகளை வேறொரு களஞ்சியத்துக்கு மாற்றுதற்கு ஒரு செய்நிரல் வகுக்கப்பட்டது. வீட்டுத் தூசியை உறிஞ்சும் ‘வக்கியூம் கிளீனர்’ கருவியின் பெயரையே அதற்கு இட்டனர். ஆக, அது குப்பை அள்ளுவோனாக அன்றி ஆவணக் காப்பாளனாகவே பிறந்தது எனல் பொருந்தும்.

1996 முதல் போஸ்ற்கிறெஸ்கியூஎல் என்ற பெயருடன் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இது வளரலாயிற்று. மறு ஆண்டிலேயே, இடமும் வேகமும் கருதிக் கடந்தகால வினவல் கைவிடப்பட்டது. வரலாறு போயிற்று, பழைய நிரைகள் போகவில்லை. 1999 இல் அவை புதிய பயன் பெற்றன: ஒருவர் திருத்திக்கொண்டிருக்கையிலும் வாசிப்போர் காத்திராது முன்னைய வடிவத்தை வாசிக்கலாயினர். எனினும், எவருக்கும் வேண்டாதுபோன நிரைகளை அகற்றுஞ் சுமை நிருவாகியின் தலையில் விழுந்தது. துப்புரவு முடியும்வரை அட்டவணை பூட்டப்பட்டிருக்கும். 2002 இல் வந்த 7.2 ஆம் பதிப்பே பூட்டாது துப்புரவு செய்ய வழிவகுத்தது. அவ்வாறு செய்கையில் வெறுமையான இடம் மீளப் பயன்படுமேயன்றிக் கோப்புப் பெரும்பாலும் சுருங்குவதில்லை.

இடவிரயத்தினுங் கொடிய ஆபத்தொன்று உண்டு. ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலும் 32 இரும இலக்கங் கொண்ட எண்ணொன்றைப் பெறுகின்றது. அவ்வெண்கள் ஏறத்தாழ 429 கோடியில் முடிந்து மீளத் தொடங்கும். பழைய நிரைகள் துப்புரவின்போது ‘உறைந்தவை’ எனக் குறிக்கப்படாவிடின், 200 கோடிக்கு மேற்பட்ட கொடுக்கல்வாங்கல்களின் பின் அவை எதிர்காலத்தவை போலாகி வினவுவோர் கண்ணுக்கு மறைந்துவிடும். தரவு வட்டில் இருக்கும், இருந்தும் இல்லாததாகும். எனவேதான் எல்லை நெருங்கியதும் தரவுத்தளம் புதிய திருத்தங்களை ஏற்க மறுக்கின்றது. தன்னியக்கத் துப்புரவு 2005 இல் அதனுள்ளேயே இணைக்கப்பட்டு, 2008 முதல் ஏவாமலே இயங்கலாயிற்று. நிருவாகி அதனை நிறுத்திவைத்திருப்பினும், எண்களின் எல்லை அணுகுகையில் அது தானே எழுந்து அட்டவணைகளை உறையவைக்கத் தொடங்கும்.