பதில் சொல்ல ஒருவர்: பசிபிக் மாணவர்களும் உலகக் குடிமைக் கல்வியும்

2012இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் தொடங்கிய கல்வி முன்முயற்சி, உலகக் குடிமையை வளர்ப்பதைத் தன் மூன்று முன்னுரிமைகளுள் ஒன்றாக வைத்தது. 2015இல் நிலையான வளர்ச்சி இலக்குகளின் 4.7ஆம் பிரிவிலும் அது இடம்பிடித்தது. அன்று முதல் பாடத்திட்டக் குழுக்களின் மேசைக்கு ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது: இதை இளைஞர்கள் எப்படிக் கற்க விரும்புகிறார்கள்? விளையாட்டு, காணொளி, நாடகம், வெளிநாட்டு மாணவரோடு இணையவழி உரையாடல் என்று வழக்கமான பதில் ஒன்று கைவசம் இருக்கிறது. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையே இந்தப் பதிலின் அடிப்படை. அந்த நம்பிக்கை இளைஞர்களைக் குறைத்து மதிப்பிடுகிறது என்பது என் வாதம். தாங்கள் கேட்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய ஒருவர் எதிரில் இருந்தால், மிக வறண்ட ஏட்டையும் அவர்கள் விரும்பிப் புரட்டுவார்கள்.

இதற்குக் கையருகே உள்ள சான்று பசிபிக் தீவு நாடான வனுவாட்டு. பன்னிரண்டு தீவு நாடுகள் சேர்ந்து நடத்தும் தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் இருக்கிறது. 2015இல் பாம் புயல் புரட்டிப்போட்ட ஊர் அது. 2019இல் அங்கு எட்டு நாடுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள் கூடி, காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளப் பன்னாட்டுச் சட்டத்தில் எந்த வழி மிகத் துணிச்சலானது என்று தேடினார்கள். காலநிலை மாற்றத்தை எதிர்த்துப் போராடும் பசிபிக் தீவு மாணவர்கள் என்ற அமைப்பு அங்குதான் பிறந்தது. அவர்கள் தேர்ந்தது, ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்துக் கேட்கும் வழியை.

இந்தத் தேர்வுக்குள் எவ்வளவு படிப்பு அடங்கியிருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு நாடு இன்னொரு நாட்டின்மீது அந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க எதிர்த்தரப்பின் இசைவு வேண்டும். அதிகம் புகை கக்கும் நாடுகள் எளிதில் இசையமாட்டா. ஆலோசனைக் கருத்துக்கு அந்தத் தடை இல்லை. ஐ.நா. சாசனத்தின் 96ஆம் பிரிவின்படி பொதுச்சபை கேட்டாலே போதும். ஆனால் பொதுச்சபை கேட்க வேண்டுமென்றால் அங்கே பெரும்பான்மை வேண்டும், பெரும்பான்மைக்கு முதலில் ஓர் அரசாவது முன்வர வேண்டும். 2011இல் பலாவு என்ற தீவு நாடு இதே வழியில் இறங்கி, கரைசேர முடியாமல் நின்றுபோயிருந்தது. ஆகவே மாணவர்கள் சட்ட நூலோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. எந்த நாடு யாருக்கு அஞ்சுகிறது, யாருடைய உதவிப்பணத்தை நம்பியிருக்கிறது, எந்தச் சொல்லைக் கண்டால் பின்வாங்கும் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டியிருந்தது. உலக அரசியல் பாடத்தில் தூங்கி வழியும் பகுதி எதுவோ அதுவே இங்கே உயிர்நாடியானது.

பசிபிக் நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு செவிசாய்த்தது; அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்தவர் ரால்ஃப் ரெகன்வானு. 2023 மார்ச் 29இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்து முன்மொழிந்த தீர்மானம் பொதுச்சபையில் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. அதில் கேட்கப்பட்டவை இரண்டு: நாடுகளின் சட்டக் கடமைகள் எவை, அவற்றை மீறிப் பெருந்தீங்கு விளைவித்தால் சட்ட விளைவுகள் எவை. ‘பூமியைக் காப்போம்’ என்ற சுவரொட்டி வாசகத்துக்கும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள தொலைவுதான் இங்கே நடந்த கல்வியின் அளவு. 2024 டிசம்பரில் 96 நாடுகளும் 11 பன்னாட்டு அமைப்புகளும் வாய்மொழியாக வாதிட்டன. மாணவர் அமைப்பின் தலைவராக இருந்த, சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹௌனியுஹியும் நீதிபதிகள் முன் பேசினார். 2025 ஜூலை 23இல் நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்தது: காலநிலையைக் காக்க நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டு, அதை மீறுவது பன்னாட்டுச் சட்டப்படி தவறான செயல்.

யுனெஸ்கோ 2015இல் வெளியிட்ட வழிகாட்டி அறிதல், உணர்தல், செயல்படல் என்று கற்றலை மூன்று களங்களாகப் பகுக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. ஆனால் வகுப்பறை அவற்றைப் படிக்கட்டாக்கிவிடுகிறது. மூன்றாம் படி வருவதற்குள் பருவத் தேர்வு வந்துவிடும். போர்ட் விலாவில் செயல் முதலில் வந்தது, அறிவை அது இழுத்துக்கொண்டு வந்தது.

நம் தனியார் பள்ளிகளிலும் பரவிவிட்ட மாதிரி ஐ.நா. மன்றங்களை இதனோடு ஒப்பிடலாம். கோட்டு அணிந்து, நாட்டின் பெயர்ப்பலகையை உயர்த்திப் பேசும் மாணவர்கள் நடைமுறை விதிகளையும் பேச்சுத் திறனையும் உண்மையிலேயே கற்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நிறைவேறும் தீர்மானத்தைப் பெற்றுக்கொள்ள யாரும் இல்லை. பரிசு சிறந்த பேச்சாளருக்குப் போகிறது. பீசா என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீடு 2018இல் 15 வயது மாணவர்களின் உலகத் திறனை அளந்தபோதும் இதே குறை இருந்தது: காட்சிகளைக் கொடுத்துத் தீர்ப்பு கேட்டார்கள், மாணவரின் தீர்ப்பு போய்ச் சேரும் இடம் மதிப்பெண் பட்டியல்தான்.

காதுகொடுத்துக் கேட்பவர் இருப்பதன் பலம் வகுப்பறைக்குள்ளேயே தெரிகிறது. 28 நாடுகளில் ஏறத்தாழ 90,000 மாணவர்களிடம் 1999இல் நடந்த குடிமைக் கல்வி ஆய்வில், திறந்த விவாதம் நடக்கும் வகுப்புகளின் மாணவர்கள் குடிமை அறிவிலும் முன்னே நின்றார்கள். கருத்துச் சொல்லும்படி அடிக்கடி ஊக்கப்படுத்தப்படுவதாகச் சொன்னவர்களோ நான்கில் ஒரு பங்கு மட்டுமே. ஆசிரியர் காது கொடுப்பதற்கே இந்தப் பஞ்சம்.

என் சான்றின் மீது எழக்கூடிய தடைகளில் ஒன்று வலுவானது. அந்த 27 பேரும் பொறுக்கி எடுத்ததுபோன்ற மாணவர்கள். அவர்கள் வீட்டு வாசலிலேயே கடல் ஏறிக்கொண்டிருந்தது. சிறிய நாடு என்பதால் அமைச்சரை எட்டுவதும் எளிது. நகரத்துப் பெரும்பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்கு இதை எப்படிப் பொருத்துவது? அளவில் பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஹேக் வரை போகத் தேவையில்லை. ஒரு ஜவுளி நிறுவனத்திடம் பருத்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும், மாநகராட்சியிடம் மின்கழிவு எங்கே போகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதும் உலகை நோக்கித் திறக்கும் கேள்விகள்தாம். பதில் சொல்ல வேண்டியவரின் பெயர் அந்தத் தாளில் இருக்க வேண்டும், அவ்வளவே. 2006இல் கல்வி ஆய்வாளர் வனெஸ்ஸா ஆந்த்ரெயோட்டி, மென்மையான உலகக் குடிமைக் கல்வி ஏழை நாடுகள்மீது இரக்கத்தை வளர்க்கிறது, அந்த நிலைக்குக் காரணமான அதிகார உறவுகளைத் தொடாமல் விடுகிறது என்று விமர்சித்தார். நன்கொடைப் பெட்டி யாரிடமும் எதையும் கேட்பதில்லை, மனு கேட்கிறது.

மனுவுக்குப் பதில் வராமல் போவதும் நடக்கும். பள்ளி நிர்வாகங்கள் தயங்குவதும் இதற்காகத்தான்: வெறுங்கையோடு திரும்பும் மாணவர் கசப்படைவார், இல்லையென்றால் பள்ளிக்கு வம்பை இழுத்துவருவார். முதல் அச்சத்துக்கு மதிப்பீட்டு முறையில் வழி உண்டு. வந்த பதிலுக்கு மதிப்பெண் போடாமல், பதில் வராததற்கான காரணத்தை மாணவர் எவ்வளவு நுட்பமாகக் கண்டறிந்தார் என்பதற்குப் போடலாம். பலாவு ஏன் நின்றுபோனது என்ற கேள்வியும் அந்தச் சட்ட மாணவர்களுக்கு ஒரு பாடம்தானே. இரண்டாவது அச்சத்துக்கு என்னிடம் மாற்று மருந்து இல்லை. பள்ளி அந்த வம்பை ஏற்கத் துணியாத இடத்தில் 4.7ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டதாக அறிக்கை எழுதுவதையாவது நிறுத்தலாம்.