வரவேற்பு மேசையில் ஓர் ஆங்கிலம், வகுப்பறையில் ஓர் ஆங்கிலம்

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி எஸ்.பி.எம். வரை படிக்கும் ஒரு மலேசிய மாணவர், ஆண்டு 1 முதல் படிவம் 5 வரை குறைந்தது 11 ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார். ஆனாலும் தங்கும் விடுதியில் வேலைக்குச் சேரும்போதோ, ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வில் உட்காரும்போதோ பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுத்துத் தேர்வில் நல்ல புள்ளிகள் வாங்கியவர்களுக்கும் இதே நிலைதான்.

இதில் தேர்வு முறைக்கும் பங்குண்டு. மூவெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வில் முன்பு வாசிப்புக்கு மட்டும் 40 விழுக்காடு. எழுத்துக்கு 30 விழுக்காடு. கேட்டலும் பேச்சும் ஆளுக்கு 15 விழுக்காட்டோடு ஒதுங்கி நின்றன. 2021-இல்தான் நான்கு திறன்களுக்கும் சமமாக 25 விழுக்காடு என்றானது. 2021-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு முதல் ஆங்கிலப் பாடத்திலும் கேட்டலுக்கும் பேச்சுக்கும் தனித்தாள்கள் வந்தன. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம், ஆங்கிலத்தில் கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்குபவர் வேலை கொடுக்கும் முதலாளி.

சுற்றுலாத் துறையில் இது நேரடியாகச் சம்பளத்தைத் தொடும் விஷயம். அறை துப்புரவு, சமையலறை, சலவை, பாதுகாவல் போன்ற வேலைகளுக்கு அதிகப் பேச்சு தேவையில்லை. அங்கே சேரும் தோட்டப் பின்னணி இளையோர் வரவேற்பு மேசைக்கோ மேற்பார்வையாளர் பதவிக்கோ நகர வேண்டுமானால், விருந்தினரிடம் தயங்காமல் பேசியாக வேண்டும்.

இலக்கணப் பிழையை விருந்தினர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மரியாதைக் குறைவாகத் தோன்றும் பேச்சுதான் சிக்கல். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. "உட்காருங்க", "கொஞ்சம் இருங்க" என்றால் போதும், பணிவு வந்துவிடும். அதையே ஆங்கிலத்தில் "சிட்", "வெயிட்" என்று சொன்னால் அந்த வால் அறுந்துபோய், கேட்பவருக்குக் கட்டளையாகப் படுகிறது. "குட் யூ வெயிட் எ மொமெண்ட், ப்ளீஸ்?" என்று கேள்வியாக மாற்றினால்தான் அங்கே "இருங்க" வருகிறது. "கேன்", "கேனாட்" என்பவையும் அப்படித்தான். நம்மூர்க் கடையில் அவற்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தாமதமாக அறையைக் காலி செய்யலாமா என்று கேட்கும் வெளிநாட்டவருக்கோ "கேனாட்" என்ற ஒற்றைச் சொல் முகத்தில் கதவைச் சாத்தியது போலிருக்கும். "ஐ வில் சென்ட் யூ டு தி ஏர்போர்ட்" என்பதும் நம் நாட்டு வழக்கு. புதிதாக வந்தவர், தம்மைப் பொட்டலம் போல அனுப்பப் போகிறார்களோ என்று விழிப்பார். "டேக் யூ" என்றால் குழப்பமில்லை. உச்சரிப்பிலும் ஒரு கண்ணி உண்டு. தமிழ்க் காப்பி ஆங்கிலக் காதில் நகல் என்று விழும். "ஃப" ஒலியைப் பழகாதவர் காலை உணவு மேசையில் இதைச் சந்தித்திருப்பார்.

சுற்றுலா வழிகாட்டியின் நிலை இன்னும் கடினம். 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் இப்பணியைச் செய்ய முடியாது. பத்துமலையில் 272 படிகள் என்றும், 2006-இல் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர் என்றும் யாரும் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். "ஏன் அலகு குத்திக்கொள்கிறார்கள்? வலிக்காதா?" என்று பயணி கேட்கும்போதுதான் ஆங்கிலம் சோதிக்கப்படுகிறது. நேர்த்திக்கடன், விரதம், காவடி ஆகியவற்றை எளிய ஆங்கிலத்தில் விளக்க நம்மவர் முன்வராவிட்டால், அதைப் பார்த்து மட்டும் அறிந்த வேறொருவர் விளக்குவார்.

பயிற்சி ஆசிரியருக்குக் கட்டளை வாக்கியம் பிரச்சினையில்லை. வகுப்பறையில் அது இயல்பு. அவருக்குத் தேவை வேறு. 2015 முதல் 2025 வரையிலான ஆங்கிலமொழிச் சீர்திருத்தத் திட்டம், சி.இ.எஃப்.ஆர். எனப்படும் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் தொடக்கப்பள்ளி மாணவருக்கு ஏ2 நிலையையும் ஆங்கில ஆசிரியருக்கு சி1 நிலையையும் இலக்காக வைத்தது. ஆறு படிகள் கொண்ட அந்த அளவுகோலில் சி1 ஐந்தாவது படி. சொற்களைத் தேடித் தடுமாறாமல், சட்டெனச் சரளமாகப் பேசுவது அதன் அடையாளங்களில் ஒன்று.

அந்தச் "சட்டென" என்பதில்தான் பயிற்றுப்பணிக்குச் செல்லும் பலர் தடுமாறுகிறார்கள். பாடத்திட்டத்தில் எழுதிவைத்த வாக்கியங்கள் சரியாக வரும். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "டீச்சர், ஹி டேக் மை பென்சில்!" என்று கத்தினால் உடனே தமிழுக்குத் தாவிவிடுவார்கள். "ஓ, ஹி டுக் யுவர் பென்சில்? ஆஸ்க் ஹிம் நைஸ்லி" என்று அதே நொடியில் பதில் சொன்னால், பிள்ளையைத் திருத்துகிறேன் என்று காட்டிக்கொள்ளாமலே சரியான வடிவம் அதன் காதில் விழுந்துவிடும். வீட்டில் தமிழும் வெளியே மலாயும் பேசும் பிள்ளைக்கு, தன்னிடம் நேரில் ஆங்கிலம் பேசும் ஒரே மனிதர் ஆசிரியராகவே இருக்கலாம். அவருடைய உச்சரிப்புப் பிழை ஓர் ஆண்டில் முப்பது வாய்களுக்குப் போய்விடும். "டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?" என்ற கேள்வியும் பயனற்றது. "யெஸ் டீச்சர்" என்ற கோரஸ் எப்போதும் தயாராக இருக்கும். "ஷோ மி" என்று செய்துகாட்டச் சொன்னால் புரிந்ததா என்பது தெரியும்.

இரு தரப்பினருக்கும் இலக்கண நூலைவிட உதவுவது எதிர்பாராத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம். விடுதிப் பணியாளர், விருந்தினர்கள் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விகளை எழுதிவைத்து, சக பணியாளரிடம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் வார்த்தையை மாற்றிக் கேட்கச் சொல்லலாம். பயிற்சி ஆசிரியர் தம் வகுப்பில் பத்து நிமிடம் தம் குரலை மட்டும் கைப்பேசியில் பதிவுசெய்து, எங்கெல்லாம் தமிழுக்குத் தாவினோம் என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களுக்கான ஆங்கில வாக்கியங்களை மறுநாளுக்குத் தயாரிக்கலாம். முதல் பதிவைக் கேட்பது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்.