கொலாபா ரயில் முனையம்: செங்கல் எஞ்சாத இடத்தில் எஞ்சியவை

மும்பையின் மேற்கு ரயில்வே புறநகர் வண்டிகள் தெற்கே சர்ச்கேட்டில் நின்றுவிடுகின்றன. நகரவாசிகளுக்கு அதுவே பாதையின் இயற்கையான முடிவு. 1930ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை அது முடிவாக இருக்கவில்லை. தண்டவாளம் அங்கிருந்து இன்னும் தெற்கே, ஓவல் மைதானத்தின் மேற்கு ஓரமாகக் கடலை ஒட்டிச் சென்று, கொலாபாவில் ஒரு பெரிய முனையத்திலும் அதை அடுத்த சரக்கு யார்டிலும் முடிந்தது.

இன்று அங்கே சென்று தேடுபவருக்கு இடிந்த நடைமேடையோ துருப்பிடித்த தண்டவாளமோ தென்படாது. முனையம் இருந்த இடத்தில் நிற்பது பத்வார் பார்க் என்னும் ரயில்வே அதிகாரிகளின் குடியிருப்பு. 2008 நவம்பர் 26 அன்று தாக்குதலாளர்கள் கரையேறியது அதை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் என்பதால், அந்தப் பெயர் ஒரே இரவில் நாடெங்கும் ஒலித்தது. அது ரயில்வே வாரியத்தின் முதல் இந்தியத் தலைவரான எஃப்.சி. பத்வாரின் பெயர் என்பதையும், ரயில்வேக்காரர்கள் ஏன் அந்த இடத்தில் குடியிருக்கிறார்கள் என்பதையும் அப்போது எவரும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. கட்டடம் போயிற்று, நிலம் ரயில்வேயின் கையைவிட்டு முழுவதுமாகப் போகவில்லை. கொலாபா முனையத்தின் முதல் எச்சம் இந்த நில உடைமைதான்.

அந்த நிலம் ரயிலுக்குக் கிடைத்த விதமும் நேரானதன்று. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது தடைப்பட்டது. இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. பம்பாயில் பணம் பெருகியது. பெருகிய பணம் கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளில் பாய்ந்தது. பேக்பே கம்பெனி அவற்றுள் பெயர்பெற்றது. 1865இல் போர் ஓய்ந்ததும் அந்தப் பங்குகள் காகிதமாயின. தூர்த்தவரை எஞ்சிய கரையோரத் துண்டில் பி.பி. அண்ட் சி.ஐ. எனப்பட்ட பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரயில்வேயின் பாதை அமைந்தது. 1864இல் கிராண்ட் ரோடு வரை வந்திருந்த அந்தக் கம்பெனி, 1867இல் விராரிலிருந்து பேக்பே வரை வண்டி விட்டது. 1870இல் சர்ச்கேட்டைத் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கொலாபாவை எட்டியது. அங்கே 1896இல் புதிய நிலையக் கட்டடமும் எழுந்தது. சூதாடிகள் தோற்ற நிலத்தில் ரயில் ஓடியது என்று சொன்னால் மிகையாகாது.

கொலாபாவை நோக்கி இழுத்தது பயணிகளைவிடப் பஞ்சே. அதற்கு முன்பு பம்பாயின் பஞ்சுச் சந்தை, கோட்டைக்குள் புனித தாமஸ் தேவாலயத்தை அடுத்த பம்பாய் கிரீன் என்னும் வெளியில், இன்றைய ஹார்னிமன் வட்டத்தில், இருந்தது. மலையாகக் குவிந்த பொதிகள் வழியை அடைத்தன. தீ அச்சமும் இருந்தது. 1844இல் சந்தை கொலாபாவுக்குப் பெயர்ந்தது. அன்று பஞ்சு படகுகளில் வந்திறங்கியது. ரயில் வந்த பின்னர் பரூச், சூரத் வட்டாரப் பஞ்சு, சந்தையின் வாசலிலேயே இருந்த யார்டில் வந்து இறங்கலாயிற்று. பொதியைப் பிரித்து மாதிரி பார்ப்பது, பேரம் பேசுவது, எடை போடுவது, அழுத்திக் கட்டுவது, மீண்டும் கப்பலுக்கு ஏற்றுவது என ஒரு முழுத் தொழிலே அந்த யார்டைச் சுற்றி வாழ்ந்தது. அந்தக் காலத்து நகர வரலாறுகளில் ஆளுநர்களும் பங்குத் தரகர்களும் பெயரோடு வருகிறார்கள். பொதி சுமந்தவர்கள் ‘கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறார்கள்.

முடிவும் கடலைத் தூர்ப்பதன் வழியாகவே வந்தது. 1920களில் ஆளுநர் ஜார்ஜ் லாயிடின் அரசு பேக்பேயைத் தூர்க்கும் பழைய கனவை மீண்டும் கையிலெடுத்தது. செலவு எகிறியது, வேலை இழுத்தது, கே.எஃப். நரிமன் அதன் ஊழல்களை வெளிக்கொணர்ந்தார். ஆயினும் புதிய நிலம் கொஞ்சமேனும் உருவானது. கடலோரப் பாதையாக இருந்தது இப்போது பழைய நகரத்துக்கும் புதிய நிலத்துக்கும் நடுவில் நின்றது. பஞ்சுச் சந்தையும் அதே காலத்தில் வடக்கே சிவ்ரிப் பக்கம் போய்விட்டது. 1925இல் அங்கே பஞ்சுப் பரிவர்த்தனைக் கட்டடம் திறக்கப்பட்டது. சரக்கு போன பிறகு யார்டுக்காக வாதாட வலுவான காரணம் இருக்கவில்லை.

இதில் வியப்பூட்டுவது காலவரிசை. 1928 ஜனவரி 5 அன்று கொலாபாவிலிருந்து போரிவலி வரை மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து மூன்று ஆண்டு நிறைவதற்குள், 1930 டிசம்பர் 18 அன்று நெடுந்தூர வண்டிகளுக்கென பம்பாய் சென்ட்ரல் திறக்கப்பட்டது. டிசம்பர் 31 அன்று கொலாபா மூடப்பட்டது. திட்டமிடல் என்ற சொல்லை அந்தப் பத்தாண்டுக்குப் பயன்படுத்தத் தயக்கமாகத்தான் இருக்கும். பாதை அகன்றபின் ஓவல் மைதானத்தின் மேற்கே ஆர்ட் டெகோ அடுக்ககங்கள் எழுந்தன. 2018இல் அவை எதிர்ப்புறத்து விக்டோரியக் கட்டடங்களோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

இரண்டாவது எச்சம் பெயர்களில் இருக்கிறது. சந்தை இடம்பெயர்ந்தபோது அதன் ஆங்கிலப் பெயரும் கூடவே போயிற்று. துறைமுக வழித்தடத்தில் காட்டன் கிரீன் என்றொரு நிலையம் இன்றும் உண்டு. அங்குள்ள பஞ்சுப் பரிவர்த்தனைக் கட்டடத்தின் பச்சை வண்ணமே பெயருக்குக் காரணம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் இங்கே ‘கிரீன்’ என்பது நிறமன்று. ஊர்ப் பொதுவெளியைக் குறிக்கும் பழைய ஆங்கில வழக்கு. கோட்டைக்குள் இருந்த புல்வெளியின் பெயர் கொலாபா வழியாகச் சிவ்ரி வரை நடந்திருக்கிறது. வழியில் பொருளை உதிர்த்துவிட்டது. பொருள் உதிர்ந்த இடத்தை மக்கள் பச்சை வண்ணத்தால் நிரப்பிக்கொண்டார்கள். மொழியியலார் இதை நாட்டார் சொற்பிறப்பியல் என்பர். பிழை என்று ஒதுக்குவதைவிட, மறதியின் தடயம் என்று கொள்வதே பொருந்தும்.

அதே மேற்குப் பாதையில் மரைன் லைன்ஸும் இப்படித்தான். அங்குள்ள ‘லைன்ஸ்’ தண்டவாளமன்று, மரைன் பட்டாளத்தின் குடியிருப்பு வரிசை. சர்ச்கேட்டின் கதை இன்னும் விசித்திரம். அந்தக் கோட்டை வாயில் இருந்தது இன்றைய ஃபுளோரா நீரூற்றின் பக்கம். 1860களில் மதிலோடு அது இடிக்கப்பட்டபின், 1870இல் நிலையம் அதன் பெயரோடு திறக்கப்பட்டது. இல்லாத வாயிலின் பெயரால் பிறந்த நிலையம் நிலைத்தது. இருக்கிற ஊரின் பெயரைச் சுமந்த நிலையம் மறைந்தது.

மும்பை மெட்ரோவின் மூன்றாம் தடம் 2025இல் தென்முனை வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. நிலத்தடியில் ஓடும் அதன் திட்டப் பெயர் கொலாபா–பாந்த்ரா–சீப்ஸ். தெற்கே அதன் கடைசி நிலையத்தின் பெயர் கஃப் பரேடு. கொலாபா என்ற பெயரில் அந்தத் தடத்திலும் நிலையம் இல்லை.