உத்திரமேரூர் ஏரி வாரியம்



உத்திரமேரூருக்கு எத்தனையோ தடவை வந்திருப்பீர்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே இருக்கிற எழுத்தை நின்று பார்த்ததுண்டா? குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் தேர்ந்தெடுத்தவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. நமக்கு வேண்டியது அதுதான்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராக ஓலை எடுத்தார்கள். அந்த முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். சம்வத்சர வாரியம்தான் பெரிய பதவி. அதற்குப் போகிறவர் முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவராக, படிப்பிலும் வயதிலும் மூத்தவராக இருக்க வேண்டும். ஏரிக்கரையில் நடந்து பழகின பிறகுதான் ஊர் நிர்வாகம்!

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? நெருங்கின சொந்தக்காரர்களும் வர முடியாது. மைத்துனரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து ஆட்டுகிற வழியை அன்றைக்கே அடைத்துவிட்டார்கள்.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அது பிராமண நிலக்காரர்களின் சபை. பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் இருந்தால்தான் பெயர் எழுதலாம். மண் சுமந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை.

சரி, ஏரிக்கென்று தனி வாரியம் எதற்கு? வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டு சொல்லும் இந்த ஏரி பல்லவர் காலத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேட்டு நிலத்து மேல்மண் கரைந்து, வரவுக்கால் வழியாக வந்து ஏரியில் படிகிறது. மேட்டுக்காரருக்குச் சத்து போச்சு, பள்ளத்துக்காரருக்குத் தண்ணீர் போச்சு. நீங்கள் ஒருவர் மட்டும் வரப்பு உயர்த்தினால் பக்கத்து நிலத்தில் உடைத்துக்கொண்டு வரும். ஓடுகிற தண்ணீருக்குப் பட்டா எல்லை தெரியாதுங்க.

பிற்காலத்தில் இந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். ஆள் வராமல் போனதால் வெள்ளைக்காரர்கள் 1858-ல் சட்டம் போட்டுக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அப்புறம் பம்புசெட் வந்தது. கிணறு உள்ளவர் ஏரியை மறந்தார். ஏரி நிறைந்தால்தான் அந்தக் கிணற்றிலும் ஊறும் என்பது வறட்சி வந்தபோது தெரிந்தது. 2000-ல் பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்கத் தமிழ்நாடு அரசு சட்டம் செய்தது. 2017-ல் நம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டம் தொடங்கியபோது, செலவில் 10 சதவீதம் விவசாயிகள் பங்கு என்று வைத்தார்கள். பணமாகவோ உழைப்பாகவோ, கை போட்டவர்தான் கரையைப் போய்ப் பார்ப்பார்.

வண்டல் எடுக்க 2024 முதல் தாசில்தாரிடமே அனுமதி வாங்கலாம். மணற்பாங்கான செம்மண் நிலத்தில் போட்டால் ஈரம் நிற்கும். கரை அடியையும் மதகையும் ஒட்டி வெட்டாதீர்கள். குழி குழியாக இல்லாமல் சமமாக எடுங்கள். இதற்காகக் கூட்டம் போடும்போது மேட்டு நிலத்துக்காரரையும் கூப்பிடுங்கள். அவருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட்கூட இருக்காது. ஆனால் ஏரியில் படிந்திருப்பது அவர் நிலத்து மண்.