விளிச்சொல்லும் கூலிக் கணக்கும்

ஒரு சமுதாயத்தில் கட்டளையிடுபவர் யார், கட்டுப்படுபவர் யார் என்பதை அச்சமுதாயத்தின் விளிச்சொற்களே காட்டிக் கொடுத்துவிடும். ஊவா மாகாணத்திலே, பசறைக்கும் பிபிலைக்கும் இடையில் அமைந்த லுணுகலையின் தேயிலைத் தோட்டங்கள் இதற்குத் தக்க சான்று.

தோட்ட நிருவாகி 'பெரிய துரை'. அவருக்கு அடுத்தவர் 'சின்னத் துரை'. துரையின் மனைவி 'துரைசாணி'. கணக்கப்பிள்ளையும் கிளாக்கரும் டீமேக்கரும் 'ஐயா'மார். தொழிலாளிக்கோ பட்டம் ஏதுமில்லை. அவருக்கு வாய்த்தவை 'வா', 'போ' என்னும் ஏவல்களே. வெள்ளைத் துரைமார் தமிழ் பயில்வதற்கெனப் பெர்குசன் என்பார் 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் வெளியிட்ட கைந்நூலின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். அவர்களுக்குத் தேவைப்பட்ட தமிழ் எது என்பதை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது.

இக்குற்றம் தமிழ்மொழியைச் சாருமா? சாராது. சங்கப் புலவர்கள் முடிவேந்தரையும் 'நீ' என்றே விளித்தனர். ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கில் வந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். சிங்களத்திலும் 'உம்ப', 'ஓயா', 'ஒப' எனப் படிகள் உண்டு. ஆங்கிலத்திலும் ஒருமைக்கு 'தௌ', மரியாதைக்கு 'யூ' என்ற பிரிவு இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் குவேக்கர்கள் நீதிபதிகளையும் 'தௌ' என்றழைத்துத் துன்புற்றனர். பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793இல் 'நீ' என்பதையே அனைவருக்கும் பொதுவாக்க முயன்றனர். ஏணி பல மொழிகளிலும் இருக்கிறது. எவர் எந்தப் படியில் நிற்பது என்பதை உற்பத்தி உறவே தீர்மானிக்கிறது.

தோட்டத்தில் ஒரு நாட்கூலிக்கு வழங்கும் சொல்லே 'பேர்'. விதித்த எடைக்குக் கொழுந்து பறிக்காத பெண்ணுக்கு 'அரைப் பேர்'தான் விழும். மனிதரின் பெயரே கூலியின் அளவையாகி, அதுவும் பாதியாக வெட்டப்படும் இடத்தில் மரியாதைப் பன்மை எங்கிருந்து வரும்?

இவ்வடிமைப் பழக்கத்தின் ஆழத்தை 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டம் காட்டியது. தேயிலைத் தொழில் பழக வந்து, தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலையிழந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞரைச் சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேரா 'தோழர்' என்றே அறிமுகப்படுத்தினார். துரைமாரின் கொடுமைகளை அவர் எடுத்துரைத்தபோது, கூடியிருந்த தொழிலாளர் எழுப்பிய மகிழ்ச்சி முழக்கம் 'சாமி, சாமி' என்பதே! தமக்காக வாதாடிய ஒருவரை அழைக்கவும் ஆண்டானை அழைக்கும் சொல்லே அவர்களிடம் இருந்தது. அதற்கு முந்திய நூறாண்டு அவர்களுக்கு வேறு சொல்லைக் கற்பிக்கவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. துரையின் நிறம் மாறியது. 'துரை' என்ற சொல் மாறவில்லை. உடைமை கைமாறினாலும், உத்தரவு மேலிருந்து கீழும் வணக்கம் கீழிருந்து மேலும் செல்லும் ஒழுங்கு அப்படியே நின்றது.

ஆசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. கொழுந்து மலையிலிருந்து நேரே வந்து பள்ளி வாசலில் ஒதுங்கி நிற்கும் தாயை 'வாருங்கள், உட்காருங்கள்' என்று நாம் அழைக்கின்றோமா? அழைத்தல் கடமை. ஆயினும் நமது கனிவால் மட்டும் இவ்வேணி சாயாது. 'அரைப் பேர்' எழுதும் ஏடு ஒழிந்து, உழைப்பவர் தம் முழுப் பெயரோடும் முழுக் கூலியோடும் நிமிரும் நாளிலேதான் 'நீங்கள்' என்ற சொல் இம்மலைகளில் இருபுறமும் ஒலிக்கும்.