ஆப்பிரிக்கக் கெளுத்தி தூண்டிலில் சிக்கினால் என்ன செய்ய வேண்டும்? விதிகளும் வழிகளும்

ஹெப்பகோடி (பெங்களூரு): பிடித்த மீனை உயிருடன் மீண்டும் நீரில் விடுவது, பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் பலர் போற்றும் நெறி. ஆனால், சிக்கியது ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றால் அந்த இரக்கமே ஏரியின் பிற உயிர்களுக்குக் கேடாக முடியும்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு அருகே உள்ள ஹெப்பகோடி ஏரி, பயோகான் அறக்கட்டளையின் முயற்சியால் புனரமைக்கப்பட்டது. நீரைத் தூய்மைப்படுத்த மிதக்கும் தாவரப் படுகைகளும் அதில் அமைக்கப்பட்டன. இவ்வாறு மீட்கப்படும் ஏரிகளில் நாட்டு மீன்கள் நிலைபெறுவது, அங்கு எந்த மீன்கள் வந்து சேர்கின்றன என்பதையும் பொறுத்தது.

தடை ஏன்?

ஆப்பிரிக்கக் கெளுத்தி 1990-களில் முறையான அனுமதியின்றி இந்தியாவுக்குள் வந்தது. 'தாய் மாகுர்' என்ற பெயரிலும் இது விற்கப்படுகிறது. மீன், தவளை, பூச்சி என அகப்பட்டதை எல்லாம் உண்ணும் இம்மீன், ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாக வளரக்கூடியது. காற்றை நேரடியாகச் சுவாசிப்பதால், கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் குறைந்த ஏரியிலும் உயிர் வாழும். நாட்டு மீன்கள் செத்து மிதக்கும் நீரிலும் இது தப்பிவிடும். ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குச் செல்லும் ஆற்றலும் உண்டு.

இதன் வளர்ப்புக்கு மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு தடை விதித்தது. சட்டவிரோதமாக வளர்க்கப்படும் மீன்களை அழிக்குமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து மகாராஷ்டிர அரசு 2020-இல் 32 டன் மீன்களை அழித்தது.

அடையாளம் காண்பது எப்படி?

அவசரத்தில் நாட்டு மீனைக் கொன்றுவிடக் கூடாது. நாட்டு மாகுர், அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

* ஆப்பிரிக்கக் கெளுத்தியின் தலை அகன்று தட்டையாக இருக்கும். வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள் உண்டு.
* முதுகுத் துடுப்பு வால்வரை நீண்டு செல்லும். சாதாரண நாட்டுக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு குட்டையாகவும், அதன் பின்னால் சதைப்பற்றான சிறு துடுப்பு ஒன்றும் இருக்கும்.
* நாட்டு மாகுருக்கும் நீண்ட முதுகுத் துடுப்பு உண்டு. ஆனால் அதன் தலையின் பின்புற எலும்பு கூர்மையாக முடியும்.
* கொட்டும் இயல்புடைய நாட்டுத் தேளியின் முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. சில ஊர்களில் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் தேளி என்றே அழைப்பதால், பெயரை மட்டும் நம்ப இயலாது.

ஐயம் இருந்தால் தலையின் மேற்புறத்தையும் உடலின் பக்கவாட்டையும் படம் எடுத்து, மீன்வளத் துறையினரிடம் காட்டி உறுதி செய்யலாம்.

சட்டம் கூறுவது

கர்நாடகத்தில் ஏரிகளின் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகிறது. எனவே தூண்டில் போடும் முன் அந்த ஏரியில் அனுமதி உள்ளதா என்பதை அறிவது முதல் கடமை. உள்நாட்டு மீன்வளத்தைப் பாதுகாக்க 1996-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம், ஊடுருவும் அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை அறிவிக்கை மூலம் ஒழுங்குபடுத்தவோ தடை செய்யவோ மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

தூண்டில் போடுவோர் செய்ய வேண்டியவை

* ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று உறுதியானால் மீண்டும் நீரில் விடக் கூடாது.
* வாளியில் உயிருடன் எடுத்துச் செல்லக் கூடாது. வீட்டுத் தொட்டி, கிணறு, வேறு குளம் எதிலும் விடக் கூடாது. குஞ்சுகளைத் தூண்டில் இரையாகவும் பயன்படுத்தக் கூடாது.
* கரையில் போட்டுவிட்டால் தானாகச் செத்துவிடும் என்று கருதக் கூடாது. நீருக்கு வெளியே நெடுநேரம் துடிக்கும். ஊர்ந்து திரும்பவும் வாய்ப்புண்டு. தலையில் பலமாக அடித்து விரைவாகக் கொல்வதே வதை குறைந்த வழி.
* உடலையும் குடலையும் நீரில் எறியாமல், கரையிலிருந்து தள்ளிப் புதைக்க வேண்டும்.
* கழிவுநீர் கலக்கும் ஏரியில் பிடித்த மீனில் கன உலோகங்கள் சேர்ந்திருக்கக்கூடும். அதை உண்பதைத் தவிர்ப்பது நல்லது.
* பிடித்த இடம், நாள், படம் ஆகியவற்றுடன் வட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

ஜிலேபி மீனின் நிலை வேறு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அது, இன்று நாடெங்கும் பரவி அன்றாட உணவாகிவிட்டது. ஆயினும் அதை உயிருடன் புதிய நீர்நிலைக்கு மாற்றுவது தவறே. கரையைத் துளைக்கும் 'டேங்க் கிளீனர்' போன்ற வளர்ப்பு மீன்களை ஏரியில் விடுவதும் அவ்வாறே.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2002-இல் ஒரு குளத்தில் சீன விரால் பெருகியபோது, நஞ்சிட்டு அதை அழிக்க வேண்டியதாயிற்று. இன்று அங்கு அம்மீனை உயிருடன் வைத்திருப்பது சட்டவிரோதம். பிடித்தவர் அதைக் கொன்று உணவாகக் கொள்ளலாம்.

ஊடுருவிய மீன் ஒருமுறை பெருகிவிட்டால் ஏரியிலிருந்து முற்றிலும் அகற்றுவது அரிது. ஆகவே, அடுத்த நீர்நிலைக்கு அது பரவாமல் தடுப்பதில் தூண்டில் போடுபவரின் பங்கு பெரியது.